கூவுகிற ரகம்

கழுத்தறுத்தான் மட்டும் வேண்டாம். அது பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது. மற்ற எந்த ரகமானாலும் சரி, பெருவிடையோ சிறுவிடையோ பஞ்சுக்கோழியோ, எனக்கு ஒரு பயமும் இல்லை, பதினாறு வயதில் இந்தச் சந்தையில் என்னை ஏமாற்றுகிற ஆள் இன்னும் முட்டைக்குள்தான் இருக்கிறான், ஆனால் கழுத்தறுத்தான் கூடை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் அப்பாவின் முகம் திரும்பக் கூடாது, அவ்வளவுதான் வேலை. கழுத்தில் ஒரு இறகுகூட முளைக்காத சேவல் அது, தலை இருக்கும், கொண்டை இருக்கும், கீழே உடம்பு இருக்கும், நடுவில் மட்டும் யாரோ கத்தியை வைத்து ஓர் இழுப்பு இழுத்த மாதிரி சிவந்த வெறுந்தோல், அதனால்தான் அந்தப் பெயர், விற்கிறவர்கள் அதைக் கூச்சமே இல்லாமல் கத்தித்தான் விற்பார்கள், அவர்களுக்கு என்ன தெரியும், எனக்கு ஓரடி முன்னால் வெள்ளைச் சட்டையும் செருப்புச் சத்தமுமாகப் போகிற மனுசனின் கழுத்தில் தொங்கும் துணிக்குப் பின்னால் ஒரு ஓட்டை இருக்கிறது என்று, புற்று வந்து குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள் என்று, மூக்கால் விட்ட மூச்சையெல்லாம் ஐப்பசியிலிருந்து அவர் அந்த ஓட்டையில்தான் விட்டுக்கொண்டிருக்கிறார் என்று. அதுவும் யார், ஏலம் நஞ்சப்பன். வாழைத்தார் மண்டியில் அவர் வாயைத் திறந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ ஆற்றுகிறவன் கை நிற்கும். மண்டிக்காரர்கள் ஒருமுறை மைக் வாங்கி வைத்தார்கள், அப்பா அதை ஒரு விரலால் தள்ளி வைத்துவிட்டு, இது எனக்கு வேண்டாமுங், என்ர சத்தத்த இது தாங்காது, பாவம், என்றார். அந்தப் பாவத்தை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, மைக்குக்கே அழுகை வந்திருக்கும். அந்தக் குரலை இப்போது நினைக்கக் கூடாது. கோழி. கோழியை நினை. புளியமரத்தடியில் கோழிச் சந்தை ஆரம்பிக்கிறது, கால் கட்டிய கோழிகளும் கூடைக்கோழிகளும் சாக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு பஸ் பிரயாணிகள்போல முழிக்கிற கோழிகளும், அப்பா நின்று எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்க்கிறார், ஏலத்துக்கு முன்னால் தாரைப் பார்க்கிற அதே பார்வை, எனக்கு வயிற்றுக்குள் ஜிலுஜிலுவென்று சந்தோசம்.

வீட்டில் ஐந்து பெட்டைகள். லைன் வீட்டின் கடைசி வீடு எங்களுடையது என்பதால் பின்னால் ஒரு துண்டு மண் கிடைத்திருக்கிறது, ஒரு முருங்கை, ஒரு துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, அப்புறம் இந்த ஐந்து மகாராணிகள். அறுக்கிறதற்கு இல்லை, விற்கிறதற்கு இல்லை, சும்மா, பார்க்க. ஆபரேசன் முடிந்து வீட்டுக்கு வந்த அப்பா கட்டிலிலேயே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது அம்மா எங்கிருந்தோ வாங்கிவந்து பின்னால் விட்டாள், சாமிக்கு நேர்ந்த மாதிரி. பேர் வைத்தது நான். யார் குரல் எதற்கு இருக்கிறதோ அந்தப் பேர். தினமும் முட்டை போட்டுவிட்டு ஊரைக் கூட்டுகிறவள் சின்னத்தை, என் சொந்தச் சின்னத்தை வளைகாப்புக்குச் செய்த சீரை இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கொடுத்தேன் கொடுத்தேன் கொடுத்தேன் நான்தான் கொடுத்தேன். மெல்லக் கேட்டால் பயமாக இருக்கும் குரல்காரி கெமிஸ்ட்ரி மிஸ், கொக்க்க், இங்க என்ன பேச்சு. அப்புறம் கண்டக்டர், நர்ஸம்மா, ஒன்றுமே பேசாமல் எல்லாருடைய தீனியையும் தின்கிறவள் அரசாங்கம். இந்தக் குரல்களெல்லாம் என் தொண்டைக்குள் வரிசையாக மாட்டியிருக்கின்றன, எதை இழுத்தாலும் வரும். கெமிஸ்ட்ரி மிஸ் குரலில் பாத்ரூமுக்குள்ளிருந்து, பிளஸ் ஒன் பி, எல்லாரும் கிரவுண்டுக்குப் போங்க, என்று ஒரு வகுப்பையே வெயிலில் நிறுத்தியவள் நான், அதற்கு வாங்கிய அடியையும் மிஸ் குரலிலேயே அழுதேன், மிஸ்ஸே சிரித்துவிட்டார். டாக்டர் குரலும் இருக்கிறது, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற மாதிரி ஒரு குரல், பாருங்கம்மா, வாய்ஸ் பாக்ஸ எடுத்தாத்தான் ஆள் நமக்கு. ஆள் நமக்கு. எடுத்தார்கள், ஆள் எங்களுக்கு. தொண்டையில் வைத்தால் பேசுகிற ஒரு மெசினும் கொடுத்துவிட்டார்கள், அப்பா ஒரே ஒரு நாள் வைத்துப் பார்த்தார், மிக்ஸியில் சட்னி அரைக்கிற மாதிரி, க-ண்-ணு, என்று வந்தது, மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், பீரோவில் பட்டுச்சேலைகளுக்குப் பின்னால் போய்விட்டது மெசின். அந்தக் குரல் ரொம்பச் சுலபம், எந்தக் குழந்தையும் செய்யும். நான் செய்யமாட்டேன்.

காலையில் கிளம்பும்போது அம்மா என்னைத் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டுபோய்க் காதில் சொன்னாள், இந்தா பாரு அம்மிணி, கூவாத சேவலாப் பாத்து வாங்கோணும். கூவாத சேவல், ஓடாத பஸ், அழாத சின்னத்தை, எங்கே போய் வாங்குவது. சரி கொஞ்சமாக் கூவறது, என்றாள். எஸ்தரக்கா நைட் டூட்டி முடிஞ்சு வந்து படுக்கற நேரம், பாவம் அந்தப் புள்ள தூங்க வேண்டாமா. பக்கத்து வீட்டு எஸ்தரக்கா டிவி ஓட ஓடத் தூங்குகிறவள், நான் அவள் ஜன்னலடியில் ஆம்புலன்ஸ் ஊதியும் எழுந்திரிக்காதவள், அது அம்மாவுக்கும் தெரியும். அம்மா அப்படித்தான், உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு அதன்மேல் எஸ்தரக்காவைப் போர்த்துவாள். உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். தினம் விடிகிறபோது ஒரு பொடிச் சேவல், அரைக்கிலோ சதையும் கொஞ்சம் இறகும், சுவரில் ஏறி நின்று கழுத்தை நீட்டி வஞ்சனை இல்லாமல் தன் சத்தத்தை ஊருக்குக் கொடுக்கும், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இந்த மனுசன் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டு இருப்பார், அதை அவள் பார்க்க வேண்டிவரும். அதுதான். கத்தற சேவல வாங்கிட்டு வந்தீன்னா உன்னையும் அதையும் ஒரே பஞ்சாரத்துல போட்டு மூடிப்போடுவன், என்றாள், நான் அவள் குரலிலேயே, மூடிப்போடுவன், என்றேன், முதுகில் ஒன்று வைத்தாள், கை வலிக்காத மாதிரி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கூவாத ஒன்றை வாங்கி அவர் கையில் கொடுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை, இந்தாங்கப்பா உங்களுக்குத் தகுந்த சேவல், என்று சொல்கிற மாதிரி, சே. கூவினால் குத்தும், கூவாவிட்டால் அதைவிடக் குத்தும். ஆனால் கேட்டது அவர். நாலு மாதத்தில் அவர் கேட்ட முதல் பொருள். கஞ்சி கேட்கவில்லை, மாத்திரை கேட்கவில்லை, வந்து பார்க்கிறவர்களிடம் ஒரு சொல்லைக்கூட உதட்டால் சொல்லவில்லை, இதை மட்டும் கேட்டார், அதனால் இதைத் தப்பாக வாங்கிக்கொண்டு போனால் அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார், அப்புறம் எதைக் கேட்பார்.

கேட்க வைத்ததே நான்தான், அது அம்மாவுக்குத் தெரியாது. தை பிறந்த ஒரு விடியலில் தூக்கம் வராமல் பின்னால் போனவள் சும்மா இருக்கவில்லை, ஐந்து பெட்டைகளும் ஆண் துணை இல்லாமல் கூட்டுக்குள் குந்தியிருக்கிறதைப் பார்த்ததும் தொண்டை நமநமத்தது, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து கையைக் குவித்து ஒரு கூவல் விட்டேன். பெட்டைகள் ஆடிப்போயின, சின்னத்தை உடனே இறகைச் சிலுப்பிக்கொண்டு மணப்பெண்போலத் தலையைக் குனிந்தாள், நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறபோது கதவு திறந்தது. அப்பா. கட்டிலைவிட்டு இறங்கிப் பாத்ரூம் தவிர வேறெங்கும் போகாத அப்பா, வெறுங்காலோடு, கழுத்துத் துணி ஒருபக்கம் தொங்க, மண்ணில் வந்து நின்று சுற்றிப் பார்த்தார். முருங்கை மேலே பார்த்தார். கோழி மூடுகிற பஞ்சாரக் கூடையைத் தூக்கிப் பார்த்தார். நான் கல்லுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குறுகிக் கிடந்தேன். அடுத்த நாளும் கூவினேன், அடுத்த நாளும் வந்தார். ஒரு வாரம் இதே வேலை, நான் கூவ அவர் வர, நாலாம் நாளெல்லாம் பெட்டைகளுக்குக் குருணை போட ஆரம்பித்துவிட்டார், கண்டக்டரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்தார், கல்லின் இந்தப் பக்கம் நான், என் தலைக்கு மேலே அப்பா. அந்த ஞாயிறு சாப்பிட உட்கார்ந்தபோது கையை எடுத்துத் தலைமேல் வைத்து விரல்களை விரித்து ஆட்டினார், கொண்டை. அம்மாவுக்குப் புரியவில்லை, தலைவலியா, தைலம் வேணுமா, என்றாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது, சேவல்மா, சேவல் வேணுமாம், என்றேன், அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், அந்தப் பார்வையில் என்னவோ இருந்தது, நான் ரசத்துக்குள் பார்த்தேன். சிக்கல் என்னவென்றால் அவருக்கு வேண்டியது ஏதோ ஒரு சேவல் இல்லை, விடியலில் கேட்ட அந்தச் சேவல். அது எந்த ரகம். நானே போட்டுப் பார்த்து, நானே மாற்றி, நானே நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்ட கூவல் அது, முதலில் சின்னதாக ஒன்று, அப்புறம் இன்னொன்று, மூன்றாவதை மட்டும் எடுத்து இழு இழு என்று இழுத்துக் கடைசியில் டப்பென்று விடுவது, எந்தச் சேவலும் அப்படிக் கூவி நான் கேட்டதே இல்லை. உலகத்தில் இல்லாத ஒரு சேவலை ஒரு வாரம் கூவிவிட்டு இப்போது அதை வாங்கிக்கொடுக்கச் சந்தைக்கு வந்திருக்கிறேன். கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்குத் தெரிந்தால் இதுக்குத்தான் ஓவர் ஆக்டிங் கூடாதுங்கறது என்பார். பரவாயில்லை. ஏறக்குறைய ஒன்று கிடைக்கும். கிடைக்காவிட்டால் கிடைத்ததற்கு நான் டியூசன் எடுப்பேன்.

தெய்வானையக்கா கடைதான் பெரிது, ஏழெட்டுக் கூடை, நடுவில் முக்காலியில் அவள், வெற்றிலை வாயும் ஆம்பிளைச் சட்டையும், குரல் பரவாயில்லை, சேர்த்துக்கொள்ளலாம், அடித்தொண்டையில் ஆரம்பித்து மூக்கில் முடிகிற குரல். வாங்கண்ணா, வா கண்ணு, என்னத்துக்கு, குழம்புக்கா வளப்புக்கா. வளப்புக்குங்க்கா, அஞ்சு பெட்டை இருக்கு, நாட்டுப்பெட்டை, சின்னது, அதுகளோட இருக்கறதுக்கு ஒரு சேவல். அக்கா அப்பாவைப் பார்த்தாள், பேச்சு அவரிடமிருந்து வருமென்று காத்திருந்தாள், கழுத்துத் துணியைப் பார்த்தாள், பார்வையை எடுத்து என்மேல் போட்டுக்கொண்டாள், அதற்காக அவளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு. இந்தப் பெருவிடையப் பாரு, என்று ஒன்றைத் தூக்கினாள், தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது, ஒருகாலத்தில் சண்டைக்கு வளர்த்த வம்சம், மார்பு இன்ஸ்பெக்டர் மாதிரி, கண்ணும் அப்படித்தான், லைசென்ஸ் எடு. இது ஏறினால் எங்கள் கண்டக்டர் முதுகு முறிந்துபோகும், வேண்டாம். கிளிமூக்கு விசிறிவால், கிளி மாதிரி வளைந்த மூக்கு, மேலே தூக்கின வால், கல்யாண மாப்பிள்ளை போட்டோவுக்கு நிற்கிற மாதிரி ஒரு பக்கமாகவே நின்றது, அக்கா அதன் வம்சத்தைச் சொல்ல ஆரம்பித்தாள், அப்பன் பேர் தாத்தன் பேர் அது ஜெயித்த கப்பு, பெண் பார்க்க வந்த வீட்டில்கூட இவ்வளவு சொல்ல மாட்டார்கள். இது தரையில் நடக்குமாக்கா. நடக்கும், வேண்டியதுன்னா. வேண்டாம். கருங்கோழி, கொண்டை கருப்பு நாக்கு கருப்பு, அறுத்தா எலும்பும் கருப்பு கண்ணு, மருந்துக்கு. நாங்க அறுக்க மாட்டோம்கா. அப்ப உள்ள கருப்பா இருந்தா என்ன வெள்ளையா இருந்தா என்ன, என்று அதைத் திரும்ப வைத்தாள், நியாயஸ்தி. அப்புறம் பஞ்சுக்கோழி, அதைப் பார்த்ததும் அம்மா ஞாபகம், இறகே இல்லை, எல்லாம் பஞ்சு, தலையணை ஒன்று கால் முளைத்து நடக்கிற மாதிரி. இது சத்தமே போடாது கண்ணு, பச்சைக் குழந்தை பக்கத்துல கட்டி வைக்கலாம், வாயத் தொறக்காது. அப்படியா, என்று நான் குனிந்து அதன் காதருகே மெல்ல, ஒரு சின்னச் சிறுவிடைச் சேவல் எல்லை கேட்கிற மாதிரி ஒன்று கூவினேன். தலையணை எழுந்து நின்றது. பஞ்செல்லாம் சிலிர்த்துக்கொண்டு, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் போட்டது பாருங்கள், பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா சளைக்கவில்லை. இத்தன நாள் கூவலயே, உன்னப் பாத்ததும் வாய் வந்துருச்சு, ராசியான புள்ள. நான் அவள் குரலிலேயே, ராசியான புள்ள, என்றேன், அடித்தொண்டையில் எடுத்து மூக்கில் முடித்து. அவள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். ஏண்டி, என்ர வாய உன்ர வாயில வெச்சுட்டு நான் எதுலடி யாவாரம் பண்றது, என்றாள். அப்பாவின் தோள் குலுங்கியது. எனக்கு அது தெரியும், சிரிப்பு, சத்தம் வராது, கழுத்துத் துணி மட்டும் படபடவென்று ஆடும், கொடி மாதிரி.

அந்தத் துணி ஆடுவதைப் பார்க்கிறபோதெல்லாம் ஒன்று வந்து மாட்டிக்கொள்கிறது, கருவேல முள்ளில் தாவணி மாட்டுகிற மாதிரி, இழுக்க இழுக்கக் கிழியும். எல்லார் குரலும் இருக்கிறது என்கிறேனே, அப்பா குரல் இருக்கிறதா. முன்னால் நான் சிறப்பாகச் செய்தது அதுதான். மண்டிக்குப் போன் போட்டு, ஏப்பா ரங்கசாமி, பூவந்தாரையெல்லாம் தனியா அடுக்கி வையி, நான் வரேன், என்பேன், ரங்கசாமி அண்ணன் அடுக்கி முடித்து நிற்கும்போது அப்பா வந்து, எவஞ் சொன்னான், என்று கேட்பார், அப்புறம் அவருக்கே விளங்கி, ராத்திரி வீட்டுக்கு வந்து என் குரலில், அப்பா நானில்லீங்க, என்று கீச்சிடுவார். இந்த ஊரில் என்னைப் போல் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், எனக்கு இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள். ஆபரேசனுக்கு முன்தினம் எஸ்தரக்கா அம்மாவிடம், பேசறதப் போன்ல புடிச்சு வெச்சுக்கங்கக்கா, என்றாள், அப்பா வேண்டாமென்றுவிட்டார், அதான் இவ இருக்கறாளே, என்றார், தலையைத் தட்டினார். அதான் இவள் இருக்கிறாள். அன்றையிலிருந்து ஒருதரம்கூட அந்தக் குரலை எடுக்கவில்லை. வீட்டுக்குள் எடுக்க முடியுமா, அவர் தொண்டை காலியாக இருக்கிறபோது அவர் சொத்தை என் வாயில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் நடமாட முடியுமா. வெளியில், ஸ்கூலில், தனியாக எடுத்துப் பார்த்திருக்கலாம், எடுக்கவில்லை, ஏனென்றால் இழுத்துப் பார்த்து அங்கே வெறும் ஆணி மட்டும் இருந்தால். மாட்டின இடத்தில் துணி இல்லாமல் ஆணி. அப்படிக் கனவுகூட வந்தது, பாவம் என்கிற அந்தச் சொல்லைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், மிக்ஸிச் சத்தம் வருகிறது. அதனால் தொடவில்லை. பெட்டியைத் திறக்காதவரை உள்ளே இருக்கிறது என்றுதானே அர்த்தம். சரி, போதும், கோழி. பஞ்சுக்கோழி கூவினாலும் சின்னதாகக் கூவுகிறது, அம்மாவுக்கும் சமாதானம், பெட்டைகளுக்கும் பாரமில்லை, பார்க்கவும் சிரிப்பு வரும், இதையே பேசி முடித்துவிடலாம், என்னப்பா சொல்றீங்க, என்று திரும்பினால் அப்பாவைக் காணோம்.

காணோம் என்றால் எங்கேயும் போகவில்லை, நாலு கூடை தள்ளி மரத்தின் வேரில் குந்தியிருந்தார், அவர் முன்னால் ஒரு பஞ்சாரம், நான் பஸ்ஸிலிருந்தே எந்தப் பக்கம் முகம் திரும்பக் கூடாது என்று காவல் காத்தேனோ அந்தப் பக்கம். நான் ஓடினேன், ஆனால் என் காலைவிட அக்காவின் வாய் நீளம். அண்ணா, அது கழுத்தறுத்தானுங், நல்ல சேவல், என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள், கழுத்தறுத்தான் வளப்புக்குச் சூப்பருங்கண்ணா, வெயிலுக்குத் தாங்கும், கழுத்தறுத்தானுக்கு நோவே வராது. மூன்று முறை. புளியமரத்தில் ஒரு இலை மிச்சமில்லாமல் கேட்டிருக்கும். அக்காவுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், வாயில் கையை வைத்துக்கொண்டாள், வெற்றிலைச் சாறு விரலிடுக்கில் வந்தது. நான் போய் நின்றேன், ஏதாவது ஒரு குரலில் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று உள்ளே தேடினேன், மிஸ், டாக்டர், சின்னத்தை, ஒருத்தரும் வெளியே வரவில்லை. அப்பா பஞ்சாரத்துக்குள் கையை விட்டுச் சேவலை எடுத்தார். செவலை நிறம், நடுத்தரமான உடம்பு, கழுத்து மட்டும் பச்சை இரத்தச் சிவப்பு, கண் வெறித்தது. மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, இரண்டு விரலால் அந்த வெறும் கழுத்தை மேலிருந்து கீழாகத் தடவினார், துணி விற்கிறவனிடம் நூலைத் தடவிப் பார்க்கிற மாதிரி. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, தாடையைத் தூக்கிக் காட்டினார். கூவு. எனக்கு விளங்காத மாதிரி நின்றேன். மறுபடியும் தாடை. சரியென்று குந்தி, ஒரு சிறுவிடைக் கூவல் விட்டேன். சேவல் சட்டை செய்யவில்லை. அப்பா தலையை ஆட்டினார், இது இல்லை. கையால் காட்டினார், சின்னது ஒன்று, இன்னொன்று, அப்புறம் விரலை நீட்டி இழுத்துக்கொண்டே போய் டப். என் காது சூடானது. கல்லுக்குப் பின்னால் யார் இருந்தது என்று அவருக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்ததெல்லாம் எனக்காகப் பார்த்தது, நடிப்பு, அப்பட்டமான ஓவர் ஆக்டிங், இந்த மனுசனுக்குப் பிறந்தவள் நான்.

கூவினேன், அந்த இல்லாத சேவலின் கூவலை. முதல் சிறியதிலேயே மடிச்சேவல் தலையைத் தூக்கியது, இரண்டாவதில் கழுத்து நீண்டது, மூன்றாவதை நான் இழுக்கும்போது அது தாங்காமல் தானும் எடுத்தது, அப்போதுதான் பார்த்தேன், மற்ற சேவல்களில் இறகு மூடிவிடுகிறது, தெரிவதில்லை, இதில் எல்லாம் தெரிகிறது, அடியில் ஒரு உருண்டை திரண்டு, தோல் விம்மி, நரம்பு புடைத்து, சத்தம் ஒரு எலி ஓடுகிற மாதிரி கழுத்துக்குள் ஏறி ஏறி வாய்க்கு வந்து வெளியே பாய்கிறது. கண்ணால் பார்க்கிற கூவல். அப்பாவின் இரண்டு விரலும் அதன்மேலேயே இருந்தன, சத்தம் விரலைத் தள்ளிக்கொண்டு போவது எனக்கே தெரிந்தது. அவர் முகத்தில் அழுகை இல்லை, அம்மா பயந்த எதுவும் இல்லை, ஏலத்தில் நல்ல தார் வந்து இறங்கும்போது ஒரு புருவம் ஏறுமே, அது ஏறியிருந்தது. அந்த விரல்களை எடுத்து அப்படியே என் தொண்டையில் வைத்தார். உதடு அசைந்தது. சத்தமில்லாமல் அவர் உதடு என்ன சொல்கிறது என்று படிப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, ஆனால் படிக்கவே வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அந்த உதடு சின்னதாக ஒன்று அசைந்து நின்றது, இன்னொன்று அசைந்து நின்றது, மூன்றாவதற்கு விரிந்து விரிந்து போனது. ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம். அட ராமா. ஒரு வாரம் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கண்டுபிடித்ததாக நினைத்த கூவல். நானாவது கண்டுபிடிப்பதாவது, அது மண்டியில் அப்பா ஏலம் முடிக்கிற இழுப்பு. ஆணியில் ஒன்றும் இல்லாமல் போகவில்லை, கள்ளத்தனமாகச் சேவல் சட்டையைப் போட்டுக்கொண்டு அதுவே வெளியே வந்து உலாவியிருக்கிறது, சொந்தக்காரர் கேட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடிவந்திருக்கிறார்.

என்ன கண்ணு, அந்தச் சேவல்தானா, என்று தெய்வானையக்கா தயங்கித் தயங்கி வந்து நின்றாள், அவள் குரல் முதல்முறையாக மூக்குவரை போகாமல் பாதியில் நின்றது. அண்ணா, தெரியாமச் சொல்லிப்போட்டனுங், மனசுல வெச்சுக்காதீங். அப்பா கையை வீசி, அட விடு, என்றார் கையாலேயே, துணியைக் கொஞ்சம் விலக்கித் தன் கழுத்தைக் காட்டினார், சேவல் கழுத்தைக் காட்டினார், இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார், சோடி. அக்காவுக்குச் சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிசம், அப்புறம் சிரித்துவிட்டாள், வெற்றிலை தெறிக்க. அப்பா சேவலை இடது கையில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். என்னைப் பக்கத்தில் நிறுத்தினார், மண்டியில் நிற்கிற மாதிரி காலை அகட்டி நின்றார், உதட்டைப் பிரித்தார், என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமினேன், செருமல் அவருடையதாகவே வந்தது, நாலு மணிக்குத் தெருவை எழுப்புகிற செருமல், அங்கேயே தெரிந்துவிட்டது எனக்கு, எல்லாம் இருக்கிறது, மடித்த மடிப்புக் கலையாமல். வாங்க வாங்க, சிவப்புக் கழுத்துச் சேவல், சிங்காரச் சேவல், இதுக்கு மைக் வேண்டாமுங், மைக் தாங்காது, பாவம், என்றேன், அந்தப் பாவத்தை அது எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, பக்கத்தில் அவர் உதடு என் குரலுக்கு ஒட்டி அசைந்துகொண்டே இருந்தது, யார் யாருக்குக் குரல் கொடுக்கிறோம் என்று பார்க்கிறவர்களுக்கு விளங்கியிருக்காது. ஆட்டுப் பக்கத்திலிருந்து ஒருத்தர், ஏப்பா, நம்ம நஞ்சப்பன் சத்தமல்லோ, என்று எழுந்து நின்று தேடினார். கூடைகளெல்லாம் கசமுசவென்று கத்தின, பெருவிடை, விசிறிவால், தலையணை எல்லாம். ஒரு தரம். ரெண்டு தரம். அம்மாவிடம் எந்தக் குரலில் சொல்வது என்று ஒரு யோசனை ஓடியது, அம்மா, கத்தற சேவல்தான் வாங்கியிருக்கறோம், ரெண்டு, என்று அப்பா குரலில்தான் சொல்ல வேண்டும், அவள் கரண்டியைக் கீழே போடுவாள், போடட்டும். மூணூஊஊ என்று எடுத்து இழுத்தேன், மூச்சு இருக்கிறவரை, அப்பா கையிலிருந்த சேவலும் கூடச் சேர்ந்து இழுத்தது, கடைசியில் விடுகிற அந்த டப்பை மட்டும் நான் செய்யவில்லை, அது எந்தக் காலத்திலும் தொண்டையிலிருந்து வந்தது இல்லை. அப்பா வலது கையை ஓங்கி, காலியான பஞ்சாரத்தின் முதுகில் அறைந்தார். சந்தையில் இருந்த அத்தனை சேவலும் வாயை மூடிக்கொண்டன.